எந்த மேனிட்டால்?

மாண்ட்ரியல் மெட்ரோவின் நீலத் தடம் 1986-இல் செயின்ட்-மிஷேல் வரை வந்தது. நிலையத்திலிருந்து வடக்கே, நெடுஞ்சாலையைத் தாண்டிப் போனால், குடியிருப்புகளுக்கு நடுவே தரை சட்டென்று இறங்கிவிடும். பிராங்கோன் கல்குவாரி அது. நகரம் வளர்ந்த காலத்தில் இங்கிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டிக் கொண்டுபோனார்கள். கல் வெட்டுவது நின்ற பிறகு, குளிர்காலத்தில் தெருக்களில் வாரிய பனியை லாரிகள் கொண்டுவந்து கொட்டும் இடமாக அது மாறியது. மாண்ட்ரியலின் பனிக்கிடங்குகளில் இதுதான் மிகப் பெரியது.

கனிமவியல் நூல்களில் இந்தக் குவாரிக்குத் தனி இடம் உண்டு. சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு இடையே தீக்குழம்பு நுழைந்து உறைந்த ஒரு பாறைத் தகடு இங்கே இருக்கிறது. அதன் சின்னச் சின்னப் பொந்துகளில், அதுவரை உலகில் வேறெங்கும் கண்டிராத கனிமங்கள் கிடைத்தன. முதலாவது வெலோகனைட். கனடா புவியியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான வில்லியம் லோகனின் நினைவாகப் பெயரிட்டு 1968-இல் அதை வெளியிட்டார்கள். செயின்ட்-மிஷேல் தனி நகராக இருந்த நிலை முடிந்து மாண்ட்ரியலோடு இணைந்ததும் அதே ஆண்டில்தான். அதன் பின் டிரெசரைட், ஹைட்ரோடிரெசரைட், சபினைட், குவாரியின் பெயரையே சுமக்கும் பிராங்கோனைட் என்று வரிசை நீண்டது. சபினைட் என்பது, இந்தக் குவாரியின் கனிமங்களைப் பொறுமையாகத் தேடிப் பதிவுசெய்த ஆன் சபினாவின் பெயர்.

அந்த வரிசையில் நான் நின்று பேச விரும்புவது 1985-இல் அறிவிக்கப்பட்ட டொய்லைட்டைப் பற்றி. மாண்ட்ரியலுக்குக் கிழக்கே உள்ள மான்ட் செயின்ட்-ஹிலேர் மலையிலும் இந்தக் குவாரியிலும் கிடைத்தது. அதன் வேதி அமைப்பு மிக எளியது: ஒரு அலுமினியம் அணுவுக்கு மூன்று ஹைட்ராக்சில், அவ்வளவுதான். அதாவது அலுமினியம் ஹைட்ராக்சைடு. சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டி மேட்டூர் ஆலைக்கு அனுப்பிய பாக்சைட்டின் முக்கியக் கனிமமான கிப்சைட்டுக்கும் இதே அமைப்புதான். பேயரைட், நார்ட்ஸ்ட்ராண்டைட் என்ற வேறு இரண்டுக்கும் இதேதான். வேதிப் பகுப்பாய்வு மட்டும் செய்திருந்தால் ‘அலுமினியம் ஹைட்ராக்சைடு, ஏற்கெனவே தெரிந்த பொருள்’ என்று எழுதி மூடி வைத்திருப்பார்கள். நான்கிலும் அணுக்கள் ஒரே வகைத் தகடுகளாகத்தான் அமைந்திருக்கின்றன. ஒரு தகட்டின் மேல் அடுத்த தகடு எப்படி உட்காருகிறது என்பதில்தான் வேறுபாடு. நான்காவது விதமாகவும் உட்கார முடியும் என்று காட்டியதுதான் டொய்லைட்.

ஒரே பொருள் பல படிக வடிவங்களில் இருப்பதைப் பல்லுருவத்தன்மை என்கிறோம். வைரமும் பென்சில் கரியும் பள்ளிப் பாடத்தில் வரும் உதாரணம். அவை கண்ணுக்கே வேறாகத் தெரிவதால் அந்த உதாரணம் இந்தச் சிக்கலின் கடினத்தைக் காட்டுவதில்லை. இரண்டு வெள்ளைப் பொடிகள் இருக்கின்றன. நிறம் ஒன்று, சுவை ஒன்று, மூலக்கூறு ஒன்று. அவை ஒரே படிகமா, இரண்டா என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது? இந்தக் கேள்வியை ஆராய, கல்லைவிட நமக்கு நெருக்கமான ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறேன்: மேனிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹால்.

தலையில் அடிபட்டு மூளை வீங்கிய நோயாளிக்கு ‘மேனிட்டால் ஏற்றுவது’ மதுரையிலும் மாண்ட்ரியலிலும் ஒன்றுபோல நடக்கும் சிகிச்சை. இரத்தத்தில் கலந்த மேனிட்டால், மூளைத் திசுவிலிருந்து நீரை இரத்தத்துக்கு இழுத்துக்கொள்கிறது; வீக்கம் வடிகிறது. அந்தப் பாட்டிலில் 100 மில்லிலிட்டருக்கு 20 கிராம் மேனிட்டால் இருப்பது வழக்கம். 25 டிகிரி செல்சியஸில் 100 மில்லிலிட்டர் நீரில் நிலையாகக் கரைந்திருக்கக் கூடியது ஏறத்தாழ 18 கிராம்தான். ஆகவே அறை கொஞ்சம் குளிர்ந்தாலும் பாட்டிலுக்குள் வெள்ளைப் படிகங்கள் மிதக்கத் தொடங்கும். செவிலியர் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதும், படிகம் தெரிந்தால் வெந்நீரில் சூடாக்கிக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறவிட்டு, வடிகட்டி பொருத்திய குழாய் வழியே ஏற்றுவதும் இதனால்தான்.

1806-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் இதைப் பிரித்தெடுத்தார். சிசிலித் தீவில் வளரும் ஒரு வகை மரத்தின் பட்டையைக் கீறினால் வடிந்து உறையும் இனிப்பான பாலுக்கு மன்னா என்று பெயர். அதிலிருந்து வந்தது மேனிட்டால். காளானிலும் கடற்பாசியிலும்கூட உண்டு. ஆறு கார்பன் அணுக்கள் ஒரு சங்கிலியாக நிற்க, ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ராக்சில் தொங்குகிறது. ஆல்கஹால் என்ற சொல் அந்த ஹைட்ராக்சில்களைக் குறிக்கிறது. போதைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சர்க்கரையில் ஏறத்தாழ பாதி இனிப்பு. கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் நாக்கில் குளிர்ச்சியாக இருக்கும். காற்றின் ஈரத்தை எளிதில் உறிஞ்சாது. இந்தக் குணங்களுக்காகவே சப்பிச் சாப்பிடும் மாத்திரைகளில் நிரப்புப் பொருளாகவும், சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஒட்டாமலிருக்க மேலே தூவும் பொடியாகவும் இதைச் சேர்க்கிறார்கள்.

இங்கே முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். அதே சூயிங்கம் உறையில் சார்பிட்டால் என்றும் எழுதியிருக்கும். மேனிட்டாலும் சார்பிட்டாலும் அணு எண்ணிக்கையில் அப்படியே ஒன்று. ஆனால் சங்கிலியின் இரண்டாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் ஒன்றில் ஒரு பக்கமும் மற்றதில் மறுபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்த ஒரே திருப்பத்தால் சார்பிட்டால் 100 டிகிரியை ஒட்டி உருகிவிடுகிறது, ஈரத்தைப் பேராசையோடு உறிஞ்சுகிறது. மேனிட்டால் 166 டிகிரி வரை தாக்குப்பிடிக்கிறது. இவை இரண்டும் வெவ்வேறு மூலக்கூறுகள். நீரில் கரைத்தாலும் மேனிட்டால் மேனிட்டாலாகவும் சார்பிட்டால் சார்பிட்டாலாகவுமே இருக்கும்.

பல்லுருவம் இதற்கு அடுத்த அடுக்கில் நிற்கிறது. மூலக்கூறு மாறாமல், மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றும் விதம் மட்டும் மாறுகிறது. ஒரே பனையோலையைப் பின்னும் முறையை மாற்றிப் பாயாகவும் பெட்டியாகவும் சுளகாகவும் ஆக்குகிறோமே, அப்படி. மேனிட்டாலின் ஒவ்வொரு மூலக்கூறும் தன் ஆறு ஹைட்ராக்சில்களால் பக்கத்து மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுகிறது. அந்தப் பிணைப்புகள் பின்னலிடும் முறை மூன்று. பிரெஞ்சு ஆய்வாளர் வால்டர்-லெவி 1968-இல் அவற்றை ஆல்ஃபா, பீட்டா, டெல்டா என்று பிரித்துக் காட்டினார். அந்தப் பெயர்கள்தான் நிலைத்தன. ஆனாலும் வேறு ஆய்வகங்கள் வேறு எழுத்துகளையும் எண்களையும் சூட்டிக்கொண்டே இருந்ததால், பழைய கட்டுரைகளில் ஒரே வடிவம் இரண்டு பெயர்களில் உலவுவதைப் பார்க்கலாம். மேனிட்டாலைப் பற்றிப் படிப்பவர் பெயரை நம்பாமல், பெயருக்கு அடியில் இருக்கும் அளவுகளைப் பார்க்கப் பழக வேண்டும்.

அறை வெப்பநிலையில் நிலைத்தது பீட்டா. நீரில் கரைத்து மெதுவாகப் படியவிட்டால் பெரும்பாலும் அதுதான் வரும். வேகமாகக் குளிர்வித்தால், வேறு கரைப்பானைச் சேர்த்தால், உறையவைத்து உலர்த்தினால் மற்றவையும் கலவைகளும் தலைகாட்டும்.

சரி, கையில் இருக்கும் பொடி எது? பலரும் முதலில் நுண்ணோக்கியைத்தான் தேடுவார்கள். ஊசிபோல் நீண்டவை ஒரு வடிவம், தகடுபோல் தட்டையானவை இன்னொன்று என்று சொல்லத் தோன்றும். அது பெரும்பாலும் ஏமாற்றும். படிகத்தின் வெளித்தோற்றம், அது வளர்ந்த கரைசலையும் வேகத்தையும் பொறுத்தது. ஒரே உள்ளமைப்பு ஊசியாகவும் வளரும், கட்டையாகவும் வளரும். நுண்ணோக்கியின் பயன் வேறு. தளவிளைவுற்ற ஒளியில் பார்த்தால் பொடி படிகமா, ஒழுங்கில்லாக் கண்ணாடி நிலையா என்று தெரிந்துவிடும். மேடையைச் சூடாக்கிக்கொண்டே பார்த்தால், ஒரு படிகம் உருகி அதே இடத்தில் மற்றொன்று முளைப்பதைக் கண்ணால் காணலாம்.

தீர்ப்பின் முதுகெலும்பு எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு. 1912 முதல் மாக்ஸ் வான் லாவும் பிராக் தந்தை-மகனும் திறந்த வழி அது. படிகத்துக்குள் மூலக்கூறுத் தளங்கள் சீரான இடைவெளியில் அடுக்கியிருக்கின்றன. எக்ஸ்-கதிர் அந்தத் தளங்களில் பட்டுத் திரும்பும்போது, இடைவெளிக்கு ஏற்ற குறிப்பிட்ட கோணங்களில் மட்டும் வலுப்பெறும். பொடியைத் தட்டில் பரப்பிக் கோணத்தை மெல்ல மாற்றிக்கொண்டே போனால், சில இடங்களில் கூர்மையான முகடுகள் எழும். தாமிர எக்ஸ்-கதிரைப் பயன்படுத்தும் கருவியில் டெல்டா 9.7 டிகிரியில் முகடு காட்டும். அது 0.91 நானோமீட்டர் இடைவெளி. ஆல்ஃபா 13.6-இல், 0.65 நானோமீட்டர். பீட்டா 14.6-இலும் 23.4-இலும்; முதலாவது 0.61 நானோமீட்டர் இடைவெளிக்குரியது. ஆல்ஃபாவும் பீட்டாவும் சமச்சீர் வகையில்கூட ஒன்றே. டெல்டா மட்டும் வேறு வகை. அதனால் சமச்சீரைச் சொன்னால் போதாது, இடைவெளிகளையும் சொல்லியாக வேண்டும்.

இந்தக் கருவியும் தவறாகச் சொல்ல இடமுண்டு. ஊசிப் படிகங்களைத் தட்டில் அழுத்திப் பரப்பினால் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்துக்கொள்ளும். அப்போது சில முகடுகள் பெருத்தும் சில கிட்டத்தட்ட மறைந்தும் போகும். முகடு இல்லை என்பதால் வடிவம் இல்லை என்று எழுதிவிடுபவர்கள் உண்டு. நன்றாக அரைத்தால் இந்தச் சாய்வு குறையும். ஆனால் அரைக்கும் அழுத்தமும் வெப்பமும் சில பொருள்களில் வடிவத்தையே மாற்றிவிடக்கூடும். அரைக்கும் முன்பும் பின்பும் அளந்து பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

அடுத்த சாட்சி வெப்பம். சில மில்லிகிராம் பொடியைச் சிறு அலுமினியக் கிண்ணத்தில் வைத்து, காலியான இன்னொரு கிண்ணத்தோடு சேர்த்துச் சீராகச் சூடாக்குவார்கள். இரண்டையும் ஒரே வெப்பநிலையில் வைத்திருக்க எவ்வளவு வெப்பம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று கருவி வரைந்துகொண்டே போகும். டெல்டாவை இங்கே பிடித்துவிடலாம்: 155 டிகிரியை ஒட்டி உருகும், உடனே வேறு வடிவமாகப் படிந்து வெப்பத்தை வெளிவிடும், பிறகு 166-இல் மறுபடி உருகும். ஆல்ஃபாவையும் பீட்டாவையும் இதனால் பிரிக்க முடியாது. ஆல்ஃபா 166.0, பீட்டா 166.5 டிகிரி என்று இன்ஸ்புரூக் ஆய்வாளர்கள் 2000-இல் அளந்து சொன்னார்கள். அரை டிகிரி வேறுபாட்டை மாசு கொஞ்சம் இருந்தாலே விழுங்கிவிடும். ‘166-இல் உருகியது, ஆகவே பீட்டா’ என்று முடிக்கும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன்.

மூன்றாவது சாட்சியின் பெயர் நமக்குப் பழக்கமானது. திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்த சி. வி. ராமன், விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்து கல்கத்தாவில் செய்த ஆய்வில், 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட ஒளிச்சிதறல் அது. ஒரு பொருளின் மேல் ஒரே நிற ஒளி பட்டுச் சிதறும்போது, மிகச் சிறு பங்கு நிறம் மாறித் திரும்புகிறது. மூலக்கூறின் அதிர்வுகளே அந்த மாற்றத்தின் அளவைத் தீர்மானிக்கின்றன. அடுக்கும் முறை மாறினால் ஹைட்ரஜன் பிணைப்புகளின் இறுக்கம் மாறும். இறுக்கம் மாறினால் அதிர்வும் மாறும். மூலக்கூறுகள் ஒட்டுமொத்தமாக ஒன்றுக்கொன்று எதிராக ஆடும் மெல்லிய அதிர்வுகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்.

ராமன் முறையின் பெரிய அனுகூலம், கண்ணாடிக் குப்பியைத் திறக்காமலே லேசரை உள்ளே செலுத்தி அளக்கலாம் என்பது. நீர் இந்தச் சிதறலில் மிக மங்கலாகவே தெரியும் என்பதால் ஈரப் பொருளையும் பார்க்கலாம். மேனிட்டால் விஷயத்தில் இது உயிர்நாடியான வசதி, ஏனென்றால் இதுவரை நான் சொல்லாத நான்காவது ஒன்று இருக்கிறது.

ஊசி மருந்துகள் பலவற்றைத் திரவமாக வைத்திருந்தால் கெட்டுவிடும் என்பதால், குப்பியிலேயே உறையவைத்து, வெற்றிடத்தில் பனியை நேராக ஆவியாக்கி உலர்த்துகிறார்கள். மீதி நிற்கும் வெள்ளைத் திரளுக்குப் பருமன் கொடுக்க மேனிட்டால் சேர்ப்பார்கள். உறையும்போது மேனிட்டால் படிகமாகும் வேகத்தில் குப்பியே விரிசல் விடுவதும் உண்டு. 1999-இல் இப்படி உலர்த்திய மேனிட்டாலில், அறியப்பட்ட மூன்று வடிவங்களுக்கும் பொருந்தாத முகடுகள் தெரிந்தன, 17.9 டிகிரியில் ஒன்று தெளிவாக நின்றது. ஆராய்ந்தபோது, இரண்டு மேனிட்டால் மூலக்கூறுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்ற கணக்கில் நீரைப் படிகத்துக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த அரைநீரேறி அது என்று தெரிந்தது.

இதை உறுதிசெய்ய எக்ஸ்-கதிர் மட்டும் போதாது. பொடியைத் தராசில் வைத்துக்கொண்டே சூடாக்க வேண்டும். கணக்குப்படி 100 கிராம் அரைநீரேறியில் 4.7 கிராம் நீர் இருக்கும். அந்த எடை இழப்பு தெரிந்தால்தான் நீர் படிகத்தின் உறுப்பு என்று சொல்லலாம். சேமிப்பில் இந்த அரைநீரேறி மெல்ல உடைந்து நீரை வெளியே விட்டால், வறண்டிருக்க வேண்டிய குப்பிக்குள் மருந்து நனைந்து சிதையும். வெளியிலிருந்து எந்தத் துளியும் புகாமல், மூடி திறக்கப்படாமல் இது நடந்துவிடும்.

ஆகவே அளந்த நாளும் இடமும் அறிக்கையில் சேர வேண்டும். உலர்ந்த இடத்தில் டெல்டா ஆண்டுக்கணக்கில் மாறாமல் இருக்கும். ஈரம் நிறைந்த காற்றில் வைத்தால் பீட்டாவாக மாறிவிடும். இந்த மாற்றத்தை யோஷினாரியும் சக ஆய்வாளர்களும் 2002-இல் விரிவாகக் காட்டினார்கள். டெல்டாவின் ஒவ்வொரு துகளுக்குள்ளும் நுண்ணிய பீட்டா ஊசிகள் உருவாகின்றன, பரப்பளவு கூடுகிறது, அந்தப் பொடி மாத்திரையாக அழுத்தும்போது நன்றாக இறுகுகிறது. கெடுதலாகத் தோன்றிய மாற்றம் ஆலைக்கு ஒரு நன்மையாக முடிந்த இந்த நிகழ்வு எனக்கு மிகவும் பிடிக்கும். சென்னையின் ஐப்பசியில் திறந்து வைத்த டப்பாவும், வீட்டுக் காற்று எலும்பாய்க் காயும் மாண்ட்ரியலின் ஜனவரியில் திறந்த டப்பாவும் ஒரே விடையைத் தராமல் போகலாம்.

பிராங்கோன் குவாரியிலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. அங்கே கிடைத்த ஹைட்ரோடிரெசரைட், காற்றில் வைத்திருந்தால் நீரில் ஒரு பங்கை இழந்து டிரெசரைட்டாகிவிடும். பாறையை உடைத்த அன்று இருந்த கனிமமும், அலமாரியில் இருந்து பிறகு எடுத்துப் பார்க்கும் கனிமமும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வடிவத்தைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1998-இல் எச்.ஐ.வி. மருந்தான ரிட்டோனாவிருக்கு நேர்ந்தது பாடமாகச் சொல்லப்படுகிறது. விற்பனைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, அதுவரை காணாத, எளிதில் கரையாத ஒரு படிக வடிவம் ஆலையில் தோன்றியது. அந்த மாத்திரைக் கூடுகளைச் சந்தையிலிருந்து விலக்க வேண்டியதாயிற்று. மேனிட்டால் அவ்வளவு ஆபத்தான பொருள் இல்லை. அதன் மூன்று வடிவங்களும் நீரில் எளிதாகவே கரைகின்றன. மருந்தைச் சுமக்கும் துணைப்பொருள் என்பதால் கவனம் குறைவாக விழுகிறது, அதுதான் என் கவலை.

ஐரோப்பிய மருந்துநூலில் மேனிட்டாலுக்குரிய பக்கத்தில் ‘பல்லுருவத்தன்மை உடையது’ என்று ஒரு வரி உண்டு. அடையாளம் காணும் சோதனையில், மாதிரியின் அகச்சிவப்பு நிறமாலையை ஒரு நிச்சயமான மேனிட்டாலின் நிறமாலையோடு ஒப்பிடச் சொல்கிறது. இரண்டும் பொருந்தாவிட்டால், இரண்டையும் தனித்தனியே கொஞ்சம் நீரில் கரைத்து, நீரை ஆவியாக்கி, மறுபடி ஒப்பிட வேண்டும். கரைத்ததும் பழைய அடுக்கு முறை அழிந்துவிடுகிறது. இரண்டும் ஒரே சூழலில் புதிதாகப் படிகின்றன. இப்போது பொருந்தினால் இரண்டும் மேனிட்டால்தான். இது மேனிட்டாலா என்ற கேள்விக்கு நேர்த்தியான வழி. எந்த மேனிட்டால் என்ற கேள்விக்கான தடயத்தை அதே செயல் துடைத்துவிடுகிறது.

நரம்பில் ஏற்றும் பாட்டிலுக்கு முதல் கேள்வி போதும். கரைசலில் ஆல்ஃபாவும் இல்லை, டெல்டாவும் இல்லை. மாத்திரைக்கும் உலர்த்திய குப்பிக்கும் இரண்டாவது கேள்வியும் வேண்டும். மூட்டையோடு வரும் சான்றிதழில் தூய்மையும் ஈரமும் மட்டும் எழுதியிருந்தால் வாங்குபவர் திருப்தியடையக் கூடாது. எந்த வடிவம், எந்தக் கோணங்களில் முகடு, சூடாக்கியபோது எத்தனை எடை குறைந்தது, மாதிரி எந்த ஈரப்பதத்தில் எத்தனை நாள் இருந்த பின் அளந்தார்கள் என்று கேட்டு வாங்க வேண்டும்.